'இருக்கலாம்' என்பதை வெட்டாதே

ஆவணப்படங்களுக்குத் தமிழ் வர்ணனை எழுதுவதுதான் பல வருடங்களாக என் பிழைப்பு. டிஸ்கவரி 2011-இல் தமிழுக்கென்று தனிச் சேனல் தொடங்கிய பிறகு, சென்னையில் எங்களைப் போன்றவர்களுக்கு வேலை பெருகியது.

எந்த நொடியில் எந்த வாக்கியம் என்று காட்டும் டைம்கோடோடு ஆங்கில ஸ்கிரிப்ட் வரும். எட்டு நொடிக் காட்சிக்கு அளவாக எழுதிய ஆங்கில வாக்கியம் தமிழில் எப்படியும் நீளும். முதலை பாய்ந்து இரையை இழுத்துக்கொண்டு போன பிறகு "பாய்கிறது" என்று குரல் வந்தால் எப்படி இருக்கும்? வாக்கியத்தை உடைப்போம், அடைமொழிகளைத் தூக்குவோம், ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு மறுபடி வாசித்துப் பார்ப்போம். வெட்டவே கூடாதவை இரண்டு: ஒன்று எண், இன்னொன்று சந்தேகம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் சொல்வார்: "அவங்க 'இருக்கலாம்'னு சொன்னதை நீ 'இருக்கு'னு ஆக்கிடாதப்பா." உண்மை நிகழ்ச்சி என்ற தொழிலே இந்தக் கண்டிப்பில்தான் நிற்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

டிஸ்கவரியும் அப்படித்தான் வளர்ந்தது. ஜான் ஹென்ட்ரிக்ஸ் 1985 ஜூன் 17-இல் தொடங்கியபோது அமெரிக்காவில் 1,56,000 வீடுகளில்தான் அது தெரிந்தது. மறு ஆண்டே பணம் தீர்ந்து மூடும் நிலை. கேபிள் நிறுவனங்கள் முதலீடு செய்து காப்பாற்றின. அவர்களுக்கும் அதில் ஆதாயம் இருந்தது: வீட்டில் எல்லோரும் பார்க்கக்கூடிய, பயனுள்ள சேனல் ஒன்றைக் காட்டிச் சந்தாதாரர்களைச் சேர்க்கலாம். விளம்பரத்தோடு ஒவ்வொரு சந்தாவிலும் ஒரு பங்கு சேனலுக்கு வந்தது. அந்த நிலையான வருமானம் இருந்ததால்தான் மாதக்கணக்கில் காத்திருந்து விலங்குகளைப் படமெடுக்க முடிந்தது.

1991-இல் தி லேர்னிங் சேனலை வாங்கினார்கள். நாசாவின் பங்களிப்போடு கல்விக்காகப் பிறந்த சேனல் அது. போகப்போகக் குடும்ப ரியாலிட்டி நிகழ்ச்சிகளுக்கு மாறிப்போனது. எனக்கு அதைவிட வலித்தது 2013-இல் நடந்தது. எப்போதோ அழிந்துபோன மெகலடான் சுறா இன்னும் உயிரோடு திரிகிறது என்று, டிஸ்கவரி ஆண்டுதோறும் நடத்தும் 'சுறா வாரத்'தில் நடிகர்களை விஞ்ஞானிகளாக்கி ஒரு படம் காட்டினார்கள். மறுப்புக் குறிப்பு கடைசியில் சில நொடி ஓடி மறைந்தது. நாங்கள் ஒரு 'இருக்கலாம்' தப்பிவிடக் கூடாதே என்று மல்லாடிய தொழிலில் இது நடந்தது. பார்வையாளர்கள் என்னவோ நிறையப் பேர்.

அப்புறம் ஸ்ட்ரீமிங் வந்து கேபிள் சந்தாக்கள் கரைந்தன. பெரிதானால் பிழைக்கலாம் என்று 2018-இல் சமையல், வீட்டு அலங்காரச் சேனல்களை வைத்திருந்த ஸ்கிரிப்ஸை வாங்கினார்கள். 2022 ஏப்ரல் 8-இல் ஹாலிவுட் படங்களும் சிஎன்என் செய்திச் சேனலும் வைத்திருந்த வார்னர்மீடியாவோடு இணைந்தார்கள். புது நிறுவனம் 5,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு பிறந்தது. வட்டி கட்ட வேண்டுமே! செலவுக் குறைப்பு உடனே தொடங்கியது. சிஎன்என்னின் ஸ்ட்ரீமிங் சேவையான சிஎன்என் பிளஸ், தொடங்கிய ஒரே மாதத்தில் மூடப்பட்டது.

இப்படி ஆட்குறைப்பு வரும்போது முதலில் கைவைப்பது திரையில் தெரியாத வேலைகளில்தான்: சரிபார்ப்பவர், ஆய்வாளர், இரண்டாம் முறை வாசிப்பவர். என் அனுபவத்தில் பல இடங்களில் இதைப் பார்த்துவிட்டேன். அவர்கள் இல்லாத குறை அன்றைக்கே தெரியாது. அதனால்தான் அது சிக்கனம் மாதிரித் தோன்றுகிறது.

இணைத்ததையே இரண்டாகப் பிரிக்கப் போவதாக 2025 ஜூனில் அறிவித்தார்கள். அந்தத் திட்டப்படி படமும் ஸ்ட்ரீமிங்கும் ஒரு பக்கம், டிஸ்கவரி உள்ளிட்ட சேனல்கள் மறுபக்கம். கடனில் பெரும்பகுதி சேனல்கள் தலையில்.