ரெண்டு நிமிஷம் ஆச்சா?

"உன் ரெண்டு நிமிஷம் ஆச்சாம்மா?"

நான் ராத்திரியில் பார்த்துக்கொண்ட பெரியவர் கேட்டது இவ்வளவுதான். அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவேன். குத்திக்காட்டினாரா, இல்லை நிஜமாகவே எழுந்துகொள்ள அனுமதி கேட்டாரா என்று எட்டு மாதமாகியும் எனக்குப் பிடிபடவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். நைட் டியூட்டியில் வாங்காத திட்டா?

அப்போது முதியோர் பராமரிப்புக்கு ஒரு சான்றிதழ் படிப்பு, கரஸில் சேர்ந்திருந்தேன். பதினொரு வருஷமாக வீடு வீடாகப் போய் இதே வேலையைச் செய்பவளுக்கு இனிமேல் என்ன படிப்பு என்று வீட்டில் கேட்டார்கள். சான்றிதழ் இருந்தால் ஏஜென்சியில் சம்பளம் கூடும் என்று சொல்லிவைத்தேன். அது பாதி உண்மை. கைப்பழக்கத்தில் செய்துகொண்டிருப்பதற்கெல்லாம் காரணம் தெரியவேண்டும் என்ற ஆசைதான் மீதி. புத்தகம் எல்லாம் இங்கிலீஷ். அப்பா கண்ணயர்ந்ததும் போன் வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஆகும்.

அந்த வாரம் படித்தது, வயசானவர்கள் கீழே விழுவதைப் பற்றிய பாடம். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடும். இளவயதில் உடம்பு அதை உடனே சரிக்கட்டும், வயசானால் தாமதமாகும். நின்ற மூன்று நிமிஷத்துக்குள் பி.பி.யின் மேல் எண் 20 குறைந்தாலோ, கீழ் எண் 10 குறைந்தாலோ கவனிக்கவேண்டும். படித்த சூட்டோடு அப்பாவுக்குப் பார்த்தேன். படுக்கையில் 138, நிற்கவைத்தால் 112. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. "எழுந்தா கிறுகிறுன்னு வருதும்மா" என்று அவர் மாதக்கணக்கில் சொன்னதை நானே "வயசு அப்படி" என்று தள்ளியிருக்கிறேன். இப்போது அதற்கு ஒரு எண் கிடைத்துவிட்டது. இனிமேல் கட்டில் விளிம்பில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டுத்தான் எழவேண்டும் என்று சட்டம் போட்டேன். அவர் மகள், நான் அக்கா என்று கூப்பிடுவேன், சந்தோஷமாகத் தலையாட்டினார்.

ராத்திரி இரண்டே முக்கால் இருக்கும். அப்பா என்னை எழுப்பினார். உட்காரவைத்தேன்.

"விடும்மா, அவசரம்."

"ரெண்டு நிமிஷம்ப்பா."

என் கை அவர் தோளில் இருந்தது. சும்மா வைத்திருந்தேனா, அழுத்திப் பிடித்திருந்தேனா? இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். "விடும்மா" என்று இன்னொரு தடவை சொன்னார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. வேட்டி நனைந்து தரையில் சொட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வி.

சிறுநீர் பிடிக்கிற பாட்டில் வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. ஒரு பொம்பளை இருக்கிற அறையில் அவர் அதைத் தொடமாட்டார். நான் வெளியே போய் நிற்கிறேன் என்றாலும், "நாலடி நடக்கமாட்டேனா?" என்பார். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராகச் சேர்ந்து சார்ஜ்மேனாக ரிட்டயர் ஆனவர். பாத்ரூமுக்குள் போனால் தாழ்ப்பாள் போடாமல் இருக்க அவரைச் சம்மதிக்கவைக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நான் செய்தது தப்பா? முந்தின வீட்டில் ஒரு பாட்டி விடிகாலை நாலு மணிக்குத் தனியாக எழுந்துபோய் பாத்ரூம் வாசப்படியில் விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. ஆபரேஷன், அப்புறம் படுக்கை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்கவைத்தும் புண் வந்தது. மூன்றாவது மாதம் அந்த வீட்டுக்கு நான் தேவைப்படவில்லை. அதைப் பார்த்தவள் நான். வேட்டியை அலசிப்போட எனக்குப் பத்து நிமிஷம்தான் ஆனது.

ஆனால் அன்றையிலிருந்து அப்பா தண்ணீரைக் குறைத்துக்கொண்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் டம்ளரைத் தொடுவதில்லை. வயசானவர்களுக்குத் தாகமே சரியாக எடுக்காது. அதற்கும் மேல் இது. தண்ணீர் குறைந்தால் எழும்போது பி.பி. இன்னும் இறங்கும். கிறுகிறுப்பு கூடியது. அதைப் பார்த்து நான் என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு நிமிஷத்தை மூன்றாக்கினேன்.

சிறுநீர்ப் பிரச்சினைகள் பற்றிய பாடம் வேறொரு புத்தகத்தில் இருந்தது. அதற்கு வந்துசேர மூன்று வாரம் ஆனது. நீர் பிரியும் மாத்திரையை ராத்திரியில் கொடுத்தால் தூக்கத்தில் எழவேண்டிவரும் என்று அதில் இருந்தது. ப்ராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே எழும்போது பி.பி.யை இறக்கும் என்றும் இருந்தது. அப்பா இரண்டையும் ராத்திரிச் சாப்பாட்டோடு போட்டுக்கொண்டிருந்தார். தினமும் எடுத்துக்கொடுத்தவள் நான். மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது. அக்காவிடம் சொன்னேன், அவர் டாக்டரிடம் பேசினார். நீர் மாத்திரை மத்தியானத்துக்கு மாறியது. ராத்திரி நாலு தடவை எழுந்தவர் இரண்டு தடவை எழுந்தார். தண்ணீர் மட்டும் பழையபடி குடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கான்டாக்ட் கிளாஸில் பாடம் எடுத்தவர், சென்னைப் பொது மருத்துவமனையில் 1978-லேயே முதியோர் பிரிவு தொடங்கியதையும், கிண்டியில் 2024-ல் 200 படுக்கையோடு முதியோருக்கென்றே மருத்துவமனை வந்ததையும் சொன்னார். பெருமைப்படவேண்டியதுதான். கையைத் தூக்கி அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வகுப்பில் பாதிப் பேர் என்னைவிடச் சின்னப் பிள்ளைகள்.

அசைன்மென்டில் அதுவே கேள்வியாக வந்தது: வீட்டில் பராமரிக்கப்படும் முதியவரின் தன்மானத்தை எப்படிக் காப்பீர்கள், உதாரணத்துடன் எழுதுக. அப்பாவைத்தான் எழுதினேன், பெயர் போடாமல். பாட்டிலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தேன், திரை போட்டுக்கொடுத்தேன், அவர் சொன்னதும் அவசரம் புரிந்துகொண்டேன் என்று எழுதினேன். இங்கிலீஷைத் திருத்திக்கொடுத்த என் பையன், "நிஜமாவே இப்படியா செஞ்சேம்மா?" என்றான். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை. தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் சிவப்பு மையில், நல்ல உதாரணம் என்று இருந்தது.

அக்கா குடும்பம் வேறு ஊருக்கு மாறிப்போய்விட்டது. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது என் தலையில் கை வைத்து, "நல்லா படி" என்றார். அதற்கும் எனக்கு இரண்டு அர்த்தம் படுகிறது.

இப்போதிருக்கிற வீட்டிலும் பாட்டியைக் கட்டில் விளிம்பில் உட்காரவைக்கத்தான் செய்கிறேன். கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. நேற்று ராத்திரி, "போதுமாடி?" என்று கேட்டார். சட்டென்று தோளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எழுந்தவர் ஒரு பக்கமாகத் தள்ளாடினார்.