அப்பாவின் கணக்குப் புத்தகம்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அப்பா நடத்திய மளிகைக்கடையின் கணக்குப் புத்தகத்தில் கடைச் செலவும் வீட்டுச் செலவும் ஒரே பக்கத்தில் இருக்கும். தங்கையின் பள்ளிக் காலணிகூட உண்டு. இன்றும் மலேசியாவின் 1967 வருமான வரிச் சட்டத்தின் 33ஆம் பிரிவை வகுப்பில் எடுக்கும்போது அந்தப் பக்கம்தான் கண்முன் வரும். வருமானம் ஈட்டுவதற்கென்றே முழுக்கச் செய்த செலவைத்தான் கழிக்கலாம். காலணியைக் கழிக்க முடியாது.

இருபது வருடமாக வணிகச் சட்டமும் வரியும் சொல்லித் தருகிறேன். நிறுவனச் சட்டம் 2016 வந்தது, பாடக்குறிப்பை மாற்றினேன், அவ்வளவுதான். ஜிஎஸ்டி எனும் பொருள், சேவை வரி அப்படியில்லை. 2015 ஏப்ரலில் 6 விழுக்காடு, 2018 ஜூனில் சுழியம், செப்டம்பரில் அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரி. மஸ்ஜித் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்காரர் கேட்டார்: “சார், பழைய பில்லையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமா?”

“வேண்டாம் அண்ணே, ஏழு வருஷம் வைங்க” என்றேன். அப்புறம் அவருடனேயே உட்கார்ந்து பெட்டிகளில் வருடம் எழுதி ஒட்டினேன்.