"விழுந்துவிட்டேன், மகள்"

முதியோர் இல்லத்தில் யாருக்காவது துன்பம் நடக்கிறதா என்று அறிய வேண்டுமானால், குளிக்கவார்க்கும் நேரத்தில் உடன் நிற்க வேண்டும். மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் மேற்பார்வைத் தாதியாக இருந்தபோது இதை நன்றாக உணர்ந்தேன். சட்டையும் சேலைத் தலைப்பும் மறைத்து வைப்பதெல்லாம் தண்ணீர் வார்க்கும்போது கண்ணில் படும்.

முதியவர்களின் தோல் மிக மெல்லியது. இரத்தம் கட்டிபடாமல் இருக்க அஸ்பிரின், குளோபிடோகிரல் போன்ற மருந்து குடிப்பவர்களுக்குக் கட்டில் விளிம்பு பட்டாலே கன்றிவிடும். அதனால் கன்றலைக் கண்டவுடன் யார்மீதும் பழி போடக் கூடாது. ஆனால் தவறிப் படும் அடி பெரும்பாலும் முன்னங்கை, முழங்கால், கணைக்கால் என்று எலும்பு துருத்தும் இடங்களில்தான் படும். மேற்கையின் உட்புறத்தில், அதுவும் இரண்டு கைகளிலும் ஒரே உயரத்தில் கன்றியிருந்தால், யாரோ இறுகப் பிடித்து உலுக்கினார்களா என்று கேட்டே ஆக வேண்டும்.

வாகரைப் பக்கத்துப் பெத்தா (பாட்டி) ஒருவரின் கைகளில் அப்படிக் கண்டேன். பராமரிப்பாளர் அருகில் நின்றதால் அப்போது எதுவும் கேட்கவில்லை. பின்னேரம் வேப்பமரத்தடியில் தனியாக இருத்தி, தலை வாரிவிட்டபடி, "கையில் என்ன, பெத்தா?" என்று கேட்டேன்.

"விழுந்துவிட்டேன், மகள்."

விழுந்தவருக்கு முழங்காலில் ஒரு சிராய்ப்புக்கூட இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. சிக்கெடுத்து முடித்துக் கொண்டை போடும்போது அவராகவே கேட்டார்: "சொன்னால் என்னை இங்கிருந்து அனுப்பிவிடுவார்களா?"

போரும் சுனாமியும் பிள்ளைகளை வாரிக்கொண்டுபோன குடும்பங்கள் நமது கரையோரத்தில் எத்தனை! போக்கிடம் இல்லாதவர் வாய் திறக்க மாட்டார். ஆகவே "எங்களுக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை" என்று எந்த இல்லமாவது பெருமை பேசினால் நான் அதை நற்சான்றாக எடுப்பதில்லை.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்கவில்லை; காப்பாற்ற முடியாத வாக்கு அது. "உங்களை அனுப்ப நான் விடமாட்டேன். ஆனால் சொல்ல வேண்டியவர்களிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்" என்றேன். அவர் சொன்ன சொற்களை ஒரு சொல்லும் மாற்றாமல் கொப்பியில் எழுதினேன். காயத்தின் இடம், அளவு, திகதி, நேரம் எல்லாம் எழுதினேன். எத்தனை நாளைய காயம் என்று நிறத்தைப் பார்த்து நானாக முடிவுகட்டி எழுதவில்லை. அது நம்பத்தக்க கணக்கு அல்ல. அன்றிரவே அந்தப் பராமரிப்பாளரை வேறு கடமைக்கு மாற்றினோம். மறுநாள் வைத்தியரிடம் காட்டினோம்.

நிர்வாகத்தில் வழக்கமான பேச்சு எழுந்தது: இல்லத்தின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள் பேசித் தீர்ப்போம். நான் இணங்கவில்லை. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நாட்டில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். முதலில் போக வேண்டிய இடம் அது. காயம் பாரதூரமானால் பொலிசுக்கும், வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரியிடமும் போக வேண்டும்.

விசாரணையில் தெரிந்தது: ஒரு மண்டபம் நிறைய முதியவர்களை அந்தப் பராமரிப்பாளர் இரவு முழுதும் தனியாகப் பார்த்திருக்கிறார். பெத்தா மீண்டும் மீண்டும் படுக்கையை நனைத்தபோது கோபத்தில் பிடித்து உலுக்கியிருக்கிறார். அவர் செய்தது குற்றம். களைப்பு அதை மன்னிக்கப் போதாது. ஆனால் அவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு அதே இரவில் இன்னொருவரைத் தனியாக நிறுத்தினால், அடுத்த கன்றலுக்கு நாம்தான் பொறுப்பு. இரவுக் கடமைக்கு இரண்டாவது ஆள் வரும்வரை நான் அந்தக் கதையை விடவில்லை.

அடி கண்ணுக்குத் தெரிகிறது, தெரியாதவைதான் அதிகம். படுக்கை நனையும் என்று மாலைக்குப் பிறகு தண்ணீர் கொடுக்காமல் விடுவது. தூங்கட்டும் என்று வைத்தியர் எழுதாத பிரிட்டோன் (தூக்கம் வரவைக்கும் ஒவ்வாமை மருந்து) குளிசை கொடுப்பது. எழுந்து நடக்காதபடி பழைய சேலைத் துண்டால் கதிரையோடு கட்டுவது. புரட்டிப் படுக்க வைக்காமல் விட்டு, இடுப்பில் படுக்கைப் புண் வரவிடுவது. கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துக் காட்டாமல் பெருவிரலைப் பிடித்து அடையாளம் வைப்பது. செய்பவர்கள் பலருக்கு இது துன்புறுத்தல் என்ற எண்ணமே இல்லை. வேலை சுலபமாக நடக்கிறது என்றே நினைக்கிறார்கள். முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களில் பணிபுரிபவர்களில் மூவரில் இருவர், கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு வகையில் முதியவர்களைத் துன்புறுத்தியதாகத் தாமே சொல்லியிருக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நான் பார்த்ததை வைத்துச் சொன்னால், அந்தக் கணக்கு எனக்கு வியப்பளிக்கவில்லை.

நமது ஊரில் பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் முதியோர் இல்லத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் நல்ல வழக்கம் இருக்கிறது. மதியம் பரிமாறிப் படம் எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். அந்த நேரத்தில் எல்லோரும் குளித்து, வெள்ளை உடுத்து, வரிசையாக இருப்பார்கள். அடுத்த முறை இல்லத்தாரிடம் கேட்டு, இருட்டிய பிறகும் ஒருமுறை போய்வாருங்கள். ஒருவரின் பக்கத்தில் இருந்து பேசுங்கள். நாக்கு வறண்டிருக்கிறதா, தலைமாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் இருக்கிறதா, பராமரிப்பாளர் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுவிடுகிறதா என்று பாருங்கள். நின்றுவிட்டால், மறுநாள் பிரதேச செயலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள்.