பிளாசாவை இடிச்சுப்போட்டுக் கொண்டோ கட்டேக்க

கனடாவில ரொறன்ரோவின்ர கிழக்குப் பக்கம் இருக்கிற ஸ்காபரோவில இப்ப எங்க பாத்தாலும் கிரேன்தான். டவுன் சென்டர் மோலைச் சுத்தி முந்தியே கொண்டோ எண்டுற அடுக்குமாடி வீடுகள் நிண்டது, இப்ப கடையள் வரிசையா இருக்கிற பழைய பிளாசா வாசலுகளிலயும் சிற்றியின்ர அறிவிப்புப் பலகை நட்டிருக்கு, இத்தினை மாடி, இத்தினை வீடு எண்டு. நான் எதிரில்லை. பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருந்து பிள்ளை வளக்கிற சனத்தைத் தெரிஞ்ச ஆருக்கும் வீடு எவ்வளவு தேவையெண்டு விளங்கும்.

ஆனா வாற சனம் எதில ஏறிப் போறது? ஸ்காபரோவுக்குள்ள 1985ல ஓடத் தொடங்கின ஆர்டி எண்டுற ரயில் 2023 ஜூலை 24 எல்ஸ்மியர் ஸ்டேசனுக்குக் கிட்ட கடைசிப் பெட்டி கழண்டு தடம்புரண்டதோட சரி, பிறகு ஓடவே இல்லை, நிலத்துக்குக் கீழ ஓடுற சப்வே ரயில் ஏறக் கென்னடி ஸ்டேசனுக்குப் போக பஸ்தான். அந்த ரயிலுக்குப் பதிலா 7 ஸ்டேசனோட எல்ஆர்டி எண்டுற இலகு ரயில் விட இருந்த பிளானை 2013ல கவுன்சில் கைவிட்டிட்டு சப்வே எண்டு முடிவெடுத்தது, இப்ப தோண்டுற 7.8 கிலோமீற்றருக்கு 3 ஸ்டேசன்தான். லோறன்ஸ் மக்கோவனில ஒண்டு வாறது ஆஸ்பத்திரிக்குப் போற வயசான ஆக்களுக்குப் பெரிய உதவி, அதை மறுக்கேலாது. ஸ்டேசன்களுக்கு இடையில இருக்கிற ஆக்கள் பனிக்குள்ள பஸ்ஸுக்குத்தான் நிக்கவேணும், அப்ப பஸ்ஸுக்குத் தனி லேனாவது வேணும்தானே.

மற்றது பிளாசா. ரோட்டில காரில போறவைக்கு அது ஒரு பார்க்கிங் லொட். பின்னேரத்தில டேக்அவுட்டுக்குள்ள போய்ப் பாருங்கோ, கதவு திறக்கிற நேரமெல்லாம் கொத்துத் தட்டுற சத்தம் வெளியில வரும், இடியப்பத்தைக் கட்டிக்கொண்டே அக்கா "தம்பி, சம்பல் காணுமோ, இன்னும் கொஞ்சம் வைக்கவோ" எண்டு கேப்பா, மேல மாடியில டியூசன், பிள்ளையை விட்டிட்டு வந்த தாய்மார் முருங்கைக்காயைத் தெரிஞ்சுகொண்டு ஊர்க்கதை கதைச்சுக்கொண்டு நிப்பினம்.

புதுக் கட்டடத்திலயும் கீழ கடைக்கு இடம் விடுகினம்தான், ஆனா அந்த வாடகை ரோல்ஸ் வித்துக் கட்டுற வாடகையில்லை, அதால பேங்கும் ஃபார்மசியும்தான் வருது. சின்னச் சின்னக் கடையாப் பிரிக்கவேணும், முந்தி இருந்த கடைக்காரருக்கு முதல் இடம், கட்டுப்படியான வாடகை எண்டு அனுமதி குடுக்க முன்னமே கேக்கவேணும். கட்டி முடிஞ்ச பிறகு கேட்டு ஒண்டும் நடக்காது.

சிற்றி இதுக்குக் கூட்டம் வைக்கேக்க சொந்த வீட்டுக்காரர்தான் கூட வருவினம், நிழல் விழும், பார்க்கிங் இல்லை எண்டு சொல்லுவினம், அவையின்ர கவலையும் நியாயம்தான். பஸ்ஸில போறவையும் கடை வச்சிருக்கிறவையும் அந்த நேரம் வேலையில நிப்பினம். ஒன்லைனில கூட்டம் வைச்சா பிரேக் நேரத்திலயெண்டாலும் அஞ்சு நிமிசம் சேர்ந்து கதையுங்கோ, ஏலாட்டி கவுன்சிலருக்கு ஒரு ஈமெயில் போடுங்கோ.