பால் குடிக்காத நான்கு மணி நேரம்: பச்சிளங்குழந்தைக்குப் பித்தநாள ஸ்கேன்

பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் காமாலை இறங்காத குழந்தை ஸ்கேன் அறைக்கு வந்தால், நாங்கள் முதலில் கேட்பது மலத்தின் நிறத்தை. சுண்ணாம்புபோல வெளிறியிருந்து, ரத்தத்தில் நேரடி பிலிரூபினும் (கல்லீரல் பதப்படுத்திய மஞ்சள் நிறமி) டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் நாள் கடத்தக் கூடாது. 'பிலியரி அட்ரீசியா' எனும் பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கான, குடலைக் கல்லீரலோடு நேரடியாக இணைக்கும் 'கசாய்' அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால்தான் நல்ல பலன்.

அல்ட்ராசவுண்டுக்கு 4 மணி நேரம் பால் கூடாது. பால் குடித்தால் பித்தப்பை சுருங்கிவிடும். அப்படிச் சுருங்கியதா, நோயால் சிறுத்ததா என்று திரையில் பிரித்தறிவது கடினம். குழந்தை வீறிட்டு அழும்போது பாட்டி ஒரு சங்கு பால் புகட்டியிருந்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். விடியற்காலையில் கடைசிப் பால், காலையில் முதல் ஆளாக ஸ்கேன் என்று வைத்துக்கொண்டால் குழந்தைக்கும் சிரமம் குறைவு.

பித்தப்பை ஒன்றரை சென்டிமீட்டருக்கும் குறைவாக, சுவர் நெளிந்து தெரிந்தால் சந்தேகம் கூடும். கல்லீரல் வாயிலில், கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்கு முன்னால் 4 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த வெள்ளைத் தழும்பு தெரிந்தால் இன்னும் வலுக்கும். 'பித்தநாளம் விரியவில்லை' என்ற வரியைப் படித்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்குக் கல் அடைத்தால் நாளம் வீங்கும். இங்கே நாளமே நாராகிப் போகிறது, வீங்க எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது ஹைடா ஸ்கேன்: சிரைவழி கதிரியக்க மருந்து செலுத்தி, அது பித்தத்தோடு குடலுக்கு இறங்குகிறதா என்று பார்ப்பது. அதற்கு முன் பெரும்பாலும் 5 நாள், பித்த ஓட்டத்தைத் தூண்டும் ஃபீனோபார்பிட்டோன் தருவார்கள்: எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம், இரு வேளையாகப் பிரித்து. குழந்தை ஏற்கெனவே 50 நாளைத் தொட்டிருந்தால், இந்த 5 நாள் காத்திருப்பு தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும். கதிரியக்க மருந்து குடலில் இறங்கியது படத்தில் தெரிந்தால் அடைப்பு இல்லை. 24 மணி நேரப் படத்திலும் தெரியாவிட்டால் அடைப்பு என்று உறுதியாகிவிடாது. கடுமையான கல்லீரல் அழற்சியிலும் அப்படியே வரும். ஒவ்வொரு படத்துக்கும் முன் டயப்பரை மாற்றித் துடைத்துவிடுங்கள். சிறுநீரிலும் மருந்து வெளியேறும். ஈர டயப்பர் படத்தில் குடல்போலத் தெரிந்து ஏமாற்றும்.

இறுதி முடிவு அறுவை மேசையில், பித்தப்பைக்குள் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரேயில்தான். வரும்போது, பகல் வெளிச்சத்தில் எடுத்த மலத்தின் புகைப்படங்களை நாள்வாரியாகக் கொண்டுவாருங்கள்.