சேரங்கோடு அம்சம், எந்த ஜில்லா?

ஜூன் 3, செவ்வாய். கூடலூர்

ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தைப் பழைய தாள்களில் தேடும் வேலை. விடாத மழை. பழைய தாளைப் பிரித்தால் ஈரம் ஏறிவிடும் என்பதால் நகலை மட்டும் பார்த்தோம். ஒரு குழிக்காணச் சீட்டு (மரம் நட்டுப் பயிர் செய்யக் கொடுக்கும் குத்தகைத் தாள்): ‘மலபார் ஜில்லா, வயநாடு தாலூகா, சேரங்கோடு அம்சம்’. (அம்சம் என்பது மலபாரில் தாலூகாவுக்குக் கீழே வரும் வருவாய்ப் பிரிவு.) குடும்பத்தார் இதைக் கேரளத்துப் பத்திரம் என்று எண்ணி சுல்தான் பத்தேரியில் அலைந்திருக்கிறார்கள். சேரங்கோடு இருப்பதோ நம் பந்தலூர் தாலூகாவில். நம்பலக்கோடு, முன்னநாடு, சேரங்கோடு என்ற மூன்று அம்சங்களும் 1877இல்தான் மலபாரிலிருந்து நீலகிரிக்கு வந்தன. ஓவேலி (பழைய தாளில் ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு) 1873லேயே வந்துவிட்டது. அதனால் 1875ஆம் வருடத்துத் தாளைத் தேடுகிறவர் ஓவேலிக்கு ஊட்டியையும், தேவாலா பக்கத்துக்கு (இந்த மூன்று அம்சங்களுக்கு) கோழிக்கோட்டையும் பார்க்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

சீட்டில் உள்ள தேதி கொல்லம் (மலையாள ஆண்டு) 1049, மேடம் (நம் சித்திரை). ஆங்கில வருடம் காண எல்லோரும் 825ஐக் கூட்டிவிடுகிறார்கள், வருடத்தின் முதல் நாலரை மாதத்துக்கு அது தப்பு. கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்கத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில். சிங்கம் முதல் தனு வரை 824, மகரம் முதல் கர்க்கடகம் வரை 825. தனு மாதம் ஜனவரி நடுவரை நீள்வதால் அதற்கு நாளும் தெரிய வேண்டும். மேடம் 1049 என்றால் 1874. கன்னி 1049 என்றிருந்தால் 1873. எல்லை மாறிய 1877 விழுவது 1052 தனுவுக்கும் 1053 தனுவுக்கும் நடுவில். அந்த இடைவெளித் தாள்களை இரண்டு பக்கமும் தேடத்தான் வேண்டும்.

இன்னொன்று: மருமக்கத்தாய (தாய்வழி வாரிசு முறை) குடும்பமானால் சீட்டில் வரும் காரணவர், அதாவது குடும்பத் தலைவர், தாய்மாமனாக இருக்கலாம். அவரை அப்பா என்று எழுதிவிட்டால் வம்சாவளி முழுக்கக் கோணிப் போகும்.

ஜூன் 6, வெள்ளி

வில்லங்கச் சான்று கேட்டதற்குப் படிவம் 16 வந்தது. ‘பதிவு இல்லை’ என்று படித்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த அலுவலகத்தில், அந்தச் சர்வே எண்ணில், கேட்ட வருடங்களுக்குள் இல்லை என்பதே அதன் பொருள். ஊர் அப்போது வேறு சார்பதிவகத்தின் கீழ் இருந்ததா என்று முதலில் கேட்க வேண்டும். அதன்பின் கையால் தேடல்: அட்டவணை 1 ஆள் பெயர்வாரி, அட்டவணை 2 இடவாரி. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இரு பெயரும் அட்டவணை 1இல் ஏறும். எனவே குடியானவர் பெயர் எழுத்து மாறிக் கிடந்தாலும் ஜென்மி (நில உடைமையாளர்) பெயரில் பிடிக்கலாம். இங்கே பெரும்பாலும் நிலம்பூர் கோவிலகம். உயில் தனி, புத்தகம் 3.

பட்டா இல்லையே என்று வருந்த வேண்டாம். கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டமே 1969இல்தான் வந்தது. செக்‌ஷன் 17 (அதே சட்டத்தில் தோட்டக் குத்தகைக்கான பிரிவு) நிலத்தில் மூன்று தலைமுறை இருந்தவர்களுக்கும் பட்டா கிடையாது.

ஜூன் 9, திங்கள். சேரம்பாடி

அப்பா வழி சிலோன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாகச் சொன்னது 5,25,000 பேரை. டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டங்கள் எழுந்தது அவர்களுக்காகத்தான். வந்தவர்களுக்கு அப்போது கொடுத்த குடும்ப அட்டையில் பூர்வீகம் எழுதியிருக்கும். அண்ணன் அட்டை 1972: ‘தஞ்சாவூர் மாவட்டம், அறந்தாங்கி’. தம்பி அட்டை 1976: ‘புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கி’. இரண்டு குடும்பம் என்று யாரோ தனித்தனிக் கோப்பில் போட்டிருக்கிறார்கள்! புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரியில். ஊர் ஒன்றேதான்.

அறந்தாங்கிக்குப் பதில் குளத்தூர், ஆலங்குடி, திருமயம் என்று இருந்தால் கதை வேறு. அவை 1948 மார்ச் வரை புதுக்கோட்டை சமஸ்தானம். அந்தக் காலத்துப் பதிவைத் திருச்சி ஜில்லாப் புத்தகத்தில் தேடுவது வீண். அட்டையில் வரும் மற்ற ஊர்களில் முசிறி மாறவில்லை, திருச்சிதான். குளித்தலை இப்போது கரூர் மாவட்டம், நாமக்கல் சேலத்திலிருந்து 1997இல் பிரிந்தது.

இலங்கைப் பிறப்புச் சான்றுக்குத் தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் வேண்டும். நம்மவர்கள் தோட்டத்துக்கு வைத்த தமிழ்ப் பெயர் அரசுப் பதிவில் இராது. அட்டையில் இரண்டும் இருந்தால் அதிர்ஷ்டம்.

ஜூன் 10, செவ்வாய்

அம்மாவின் பாட்டி ‘கோயமுத்தூர் ஜில்லா’. அப்படியானால் சமவெளிக்காரர் என்று முடிவு கட்டக் கூடாது. 1868இல் தனி ஆணையர் வரும்வரை நீலகிரியே கோயமுத்தூரில்தான் இருந்தது. மேற்குப் பகுதி மட்டும் 1830 முதல் 1843 வரை மலபாருக்குப் போய்த் திரும்பியது. கொள்ளேகாலும் 1956 வரை கோயமுத்தூர்தான், இன்று கர்நாடகத்தின் சாமராஜநகர். மலையா, சமவெளியா, கன்னட நாடா என்பதைத் தாலூகா பெயர்தான் காட்டும். ஜில்லா பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஜூன் 12, வியாழன்

ஒரு நீளத் தாளில் எட்டு கட்டம் போட்டோம்: வருடம், ஊர், அம்சம் அல்லது வருவாய்க் கிராமம், தாலூகா, ஜில்லா, அரசு, எழுத்து, அலுவலகம். ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு வரி. ஊர்ப் பெயரைத் தாளில் உள்ளபடியே எழுதுகிறோம், இன்றைய பெயர் அடியில் பென்சிலில். 1049 சீட்டின் வரியில் எழுத்து ‘மலையாளம்’, அலுவலகம் ‘கோழிக்கோடு மண்டல ஆவணக் காப்பகம்’. மனுவில் நீலகிரி என்ற சொல்லே வரக் கூடாது. மலபார் கலெக்டர் ஆபீஸ் கோப்பு, வயநாடு தாலூகா, சேரங்கோடு அம்சம், 1873 முதல் 1877 வரை என்று கேட்டிருக்கிறோம்.