ஏழு வயதுக் குழந்தையும் எட்டு மணித் தொடரும்

இரவு எட்டு மணித் தொடரில் மருமகள் குடிக்கவிருந்த பாலில் மாமியார் எதையோ கலந்துவிட்டுச் சிரித்த காட்சியை அப்பத்தாவின் மடியில் படுத்தபடி பார்த்த என் ஏழு வயது மகள், மறுநாள் காலையில் தன் பால் டம்ளரை முகர்ந்துவிட்டு, "இதை யார் ஆத்துனது?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

இணையத் தொடர்களுக்கு 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என ஐந்து பிரிவுகளை வகுத்திருக்கின்றன. 13+ முதலானவற்றுக்கு, குழந்தைகள் திறக்க முடியாதபடி பெற்றோர் பூட்டிவைக்கும் வசதியும் வேண்டும் என்கின்றன. ஆனால் நடுவீட்டில் அன்றாடம் ஓடும் தொலைக்காட்சித் தொடருக்கு ஒளிபரப்புக்கு முன் வயதுச் சான்றிதழ் எதுவும் கிடையாது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் உள்ள நிகழ்ச்சி நெறிமுறைதான் அதற்கு வரம்பு. ஆகவே, வயதைத் தீர்மானிக்கும் பொறுப்பு முழுக்க வீட்டாருடையது.

ரத்தமும் கத்தியும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்ப்பது போதாது என்றே நினைக்கிறேன். புலி மானை அடித்துத் தின்னும் ஆவணப்படத்தை என் மகள் கலங்காமல் பார்ப்பாள். காடு அவளுக்குத் தொலைவில் இருக்கிறது. தொடரின் சமையலறையோ எங்கள் சமையலறையைப் போலவே இருக்கிறது, பாத்திரங்களும்கூட அவையே. குழந்தை நம்பிச் சாய்கிற உறவே அங்கே வஞ்சகம் செய்கிறது, அதுவும் வாரக்கணக்கில் தண்டனையின்றி.

அம்மாவின் ஒரே பொழுதுபோக்கைப் பறிக்க மனம் வரவில்லை. எட்டு மணியானால் மகளும் நானும் மொட்டைமாடிக்குப் போய்விடுகிறோம்.